பெட்டிக்குப் பூட்டு இருக்கு; சாவி ஊருக்கே தெரியும்!

பனியன் கம்பெனிகளில் "ரவுட்டர்" படும் பாடு

திருப்பூர்.

பனியன் கம்பெனிக்குள் நுழைய வேண்டும் என்றால் வாட்ச்மேனைத் தாண்ட வேண்டும். நோட்டில் பேர் எழுத வேண்டும். போகும்போது டிபன் பாக்சைக்கூடத் திறந்து காட்ட வேண்டும்.

ஆனால், அதே கம்பெனிக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. அதற்கு வாட்ச்மேன் கிடையாது. நோட்டுக் கிடையாது. ராத்திரி பகல் எந்நேரமும் திறந்தே கிடக்கிறது.

ஆபீஸ் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், பச்சை விளக்கு மினுக்கிக் கொண்டிருக்கிறதே, அந்தச் சின்னப் பெட்டிதான் அந்த வாசல். அதன் பேர் ரவுட்டர்.

அந்தப் பெட்டிக்குள் பூட்டு இருக்கிறது. தாழ்ப்பாள் இருக்கிறது. கூடுதல் காசு கேட்பதும் இல்லை. ஆனால், பல இடங்களில் யாரும் அதைப் பூட்டுவதில்லை.

பூட்டாவிட்டால் என்ன ஆகும்? விவரம் வருமாறு:-

எல்லாம் இதன் வழியாக

ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊர் இது.

வெளிநாட்டுப் பையர் ஆர்டர் கொடுப்பது மெயிலில். அளவுப் பட்டியல் வருவது மெயிலில். பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் போவதும் மெயிலில்தான். ஜி.எஸ்.டி. கணக்கு, இ-வே பில், பேங்க் வேலை எல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறது.

பெரிய ஏற்றுமதிக் கம்பெனி மட்டும் அல்ல. சாயப் பட்டறை, பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் போடும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி.

பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் என்ஜினீயர் இருப்பார். 20 மிஷின் போட்டிருக்கும் யூனிட்டில் யார் இருக்கிறார்? கணக்கு எழுதும் பெண்தான் கம்ப்யூட்டருக்கும் பொறுப்பு. அந்தப் பெண்ணிடம் ரவுட்டரைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை.

பேங்க் பக்கம் ஒரு நாள் தகராறு ஆனால் சனிக்கிழமைச் சம்பளம் நிற்கும். டெய்லருக்கும், செக்கிங் பெண்களுக்கும் அடி அங்கேதான் விழும்.

2017-ல் நடந்தது

"நம்ம சின்னக் கம்பெனியை எவன் தாக்கப் போறானுங்க?" என்று கேட்கலாம்.

2017 ஜூலை கடைசியில் நடந்ததைப் பாருங்கள்.

பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வாடிக்கையாளர்கள் பலருக்குத் திடீரென நெட் நின்று போனது. கர்நாடகத்தில் பாதிப்பு அதிகம். 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மோடம்கள் முடங்கியதாக அப்போது செய்திகள் வந்தன.

கேபிள் அறுபடவில்லை. மின்சாரம் போகவில்லை. மோடத்துக்குள் ஒரு கெட்ட புரோகிராம் புகுந்து, அதன் நினைவை அழித்து விட்டது. இப்படி அழிந்த மோடம் வெறும் பிளாஸ்டிக் டப்பாதான்.

அந்தப் புரோகிராமின் பேர் "பிரிக்கர்பாட்". "பிரிக்" என்றால் செங்கல். பெட்டியைச் செங்கல்லாக ஆக்கிவிடும் என்று அர்த்தம்.

எந்த மோடம்கள் விழுந்தன? கம்பெனியில் இருந்து வந்தபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவை. அந்தப் பாஸ்வேர்டு என்ன தெரியுமா?

"அட்மின்."

யூசர் பேரும் அட்மின். பாஸ்வேர்டும் அட்மின். உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று பி.எஸ்.என்.எல். தலைவர் அப்போது வேண்டுகோள் விடுத்தார்.

தப்பு வாடிக்கையாளர் மேல் மட்டும்தானா? இல்லை. நெட் கம்பெனி தன் ஆபீசில் இருந்தபடியே மோடத்தைக் கவனிக்க ஒரு தனி வழி உண்டு. அந்த வழி வெளியாருக்கும் திறந்து கிடந்தது என்றும் அப்போது சொல்லப்பட்டது.

ஜெர்மனியிலும் இதே வழியில்தான் அடி விழுந்தது. 2016 நவம்பரில் ஏறத்தாழ 9 லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் நெட் போனது.

கேமராவே திருடனாச்சு!

பெட்டி செத்துப் போவது ஒரு நஷ்டம். சாகாமல், திருடனுக்கு வேலை செய்வது அதைவிட மோசம்.

2016 அக்டோபர் 21-ந்தேதி அமெரிக்காவில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. அந்தத் தளங்களுக்கு முகவரி காட்டும் "டின்" என்ற கம்பெனியின் மேல் வெள்ளம்போலத் தகவல் வந்து மோதியதுதான் காரணம்.

வெள்ளத்தை அனுப்பியது எது? பல நாடுகளில் வீட்டிலும் கடையிலும் மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமராக்கள், அவற்றின் ரிக்கார்டர் பெட்டிகள், ரவுட்டர்கள்!

"மிராய்" என்ற புரோகிராம் அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. அது பெரிய மூளை எதையும் பயன்படுத்தவில்லை. கம்பெனிகள் போட்டு அனுப்பும் 60 சொச்சம் யூசர் பேர், பாஸ்வேர்டு பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு, வாசல் வாசலாகத் தட்டிப் பார்த்தது. திறந்த இடத்தில் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்தது.

கேமராவின் சொந்தக்காரருக்கு ஒன்றும் தெரியாது. படம் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கும். நெட் கொஞ்சம் மெதுவாக இருந்திருக்கலாம்.

"மிராய்" புரோகிராமை எழுதியவர்கள் 3 இளைஞர்கள். 2017-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக் கொண்டார்கள்.

"எவன் தாக்கப் போறான்" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். உங்கள் பேர் தெரிந்து யாரும் வருவதில்லை. பூட்டாத வாசலைத் தேடி ஒரு மிஷின் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. அதற்குப் பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி என்ற வித்தியாசம் கிடையாது.

நம்ம ஊரில் எப்படி?

பெட்டி மாட்டும் காட்சி எப்படி இருக்கும்? நெட்காரத் தம்பி வருகிறார். ஒயர் இழுக்கிறார். பெட்டியை மாட்டுகிறார். போனில் ஒரு படம் ஓட்டிக் காட்டுகிறார்.

"நெட் வந்துருச்சுங்கண்ணா."

"வேகமா இருக்கா, தம்பி?"

"சூப்பரா இருக்குங்க."

அத்தோடு சரி. வைஃபை பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போகிறார். ரவுட்டருக்கு உள்ளே போவதற்கு வேறு பாஸ்வேர்டு உண்டு. அதைக் கம்பெனிக்காரர் கேட்பதில்லை. தம்பியும் சொல்வதில்லை.

இரண்டும் ஒன்றல்ல. வைஃபை பாஸ்வேர்டு, வராந்தாவின் சாவி. ரவுட்டர் பாஸ்வேர்டு, பீரோவின் சாவி.

அடுத்து கேமராக்காரர் வருகிறார். முதலாளி வீட்டில் இருந்தபடியே கட்டிங் செக்‌ஷனைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அதற்காக ரவுட்டரில் ஒரு ஓட்டை போடப்படுகிறது. இதற்கு "போர்ட் பார்வர்டிங்" என்று பேர்.

முதலாளி பார்க்கத் திறந்த ஓட்டை வழியாக, உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து கேமராவின் கதவைத் தட்டலாம். கேமராவின் பாஸ்வேர்டும் பழையதாக இருந்தால் கதை முடிந்தது. கைரேகை வைத்து வருகைப் பதிவு செய்யும் மிஷினுக்கும் இதே கதிதான்.

கேமரா, கணக்குக் கம்ப்யூட்டர், வந்து போகிறவர் போன் எல்லாம் ஒரே வைஃபையில் இருந்தால், ஒன்றில் புகுந்தவன் மற்றதிலும் கை வைக்கலாம்.

சுவிட்ச் இருக்கிறது, போட ஆள் இல்லை

இப்போது பல ரவுட்டர்களில் "செக்யூரிட்டி" என்ற பக்கத்தில் "டி.ஓ.எஸ். தடுப்பு" என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. தாக்குதல் தடுப்பு என்பது இதுதான். சில பெட்டிகளில் அணைத்தே வைத்திருப்பார்கள்.

இது எதைத் தடுக்கிறது? காதர்பேட்டைக் கடை ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

ஒருவர் போன் செய்கிறார். "50 டஜன் பனியன் எடுத்து வையுங்க. வந்துட்டே இருக்கேன்" என்கிறார். கடைக்காரர் எடுத்து மேசைமேல் வைக்கிறார். ஆள் வரவில்லை. அதற்குள் இன்னொரு போன். அதுவும் பொய். இப்படி 100 போன் வந்தால் மேசை நிறைந்து விடும். நிஜமாகக் காசோடு வந்த வியாபாரிக்குச் சரக்குக் காட்ட இடம் இருக்காது.

கம்ப்யூட்டர் உலகத்தில் இதற்கு "சின் பிளட்" என்று பேர். "பேசலாமா?" என்று ஒரு கம்ப்யூட்டர் கேட்கும். "பேசலாம்" என்று இது பதில் சொல்லிவிட்டு இடம் ஒதுக்கிக் காத்திருக்கும். கேட்டவன் திரும்ப வரமாட்டான். இப்படி ஆயிரக்கணக்கில் கேட்டால் பெட்டி திணறி நின்று போகும்.

தடுப்புச் சுவிட்சைப் போட்டால், ஒரு நொடிக்கு இத்தனை அழைப்புத்தான் என்று பெட்டி கணக்கு வைக்கும். கணக்கைத் தாண்டினால் மிச்சத்தைத் தூக்கி எறியும்.

இரண்டு எச்சரிக்கை

முதலாவது: அந்தக் கணக்கை ரொம்பக் குறைத்து வைக்கக் கூடாது. ஆபீசில் 40 பேர் ஒரே இணைப்பில் வேலை செய்கிறார்கள். ஒரே நேரத்தில் டிசைன் படங்களை ஏற்றுகிறார்கள். பெட்டி அதையே தாக்குதல் என்று நினைத்து நம்ம ஆளையே வெளியே தள்ளிவிடும். முதலில் பெட்டி சொல்லும் அளவிலேயே விடுங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

இரண்டாவது: இந்தச் சுவிட்ச் எல்லாவற்றையும் காப்பாற்றாது. இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை.

வெள்ளம் பெரிதாக வந்தால் நம்ம பெட்டிக்கு வந்து சேரும் லைனே அடைத்துக் கொள்ளும். வீதி முழுக்க லாரி நின்றால், கேட்டில் வாட்ச்மேன் எத்தனை கெட்டிக்காரராக இருந்தும் என்ன பலன்? வீதி முனையிலேயே தடுக்க வேண்டும். அது நெட் கம்பெனியின் வேலை. அவர்களுக்குத்தான் போன் போட வேண்டும்.

வழி தப்பினால்?

தாக்குதல் இல்லாமலே வேலை கெடுவதும் உண்டு. அது வழி காட்டும் பட்டியலில் நடக்கும் தப்பு.

ரவுட்டரின் முதல் வேலை வழி காட்டுவது. பஸ் ஸ்டாண்டில் இருக்கும் டைம் கீப்பர் மாதிரி. பல்லடம் போகிறவர் அந்தப் பஸ், காங்கேயம் போகிறவர் இந்தப் பஸ் என்று பட்டியல் வைத்திருக்கும். பட்டியலில் இல்லாத ஊருக்குப் பொதுவாக ஒரு வழி. அதற்கு "டிபால்ட் ரூட்" என்று பேர்.

ஆபீஸ் ஓர் இடம், பேக்டரி இன்னோர் இடம் என்று இருக்கும் கம்பெனிகள், இரண்டையும் சேர்க்கக் கையால் வழி எழுதுவார்கள். "ஸ்டாட்டிக் ரூட்" என்பது அதுதான்.

அதில் ஓர் எண் தவறினால் என்ன ஆகும்? இந்தப் பெட்டி அங்கே போ என்னும். அந்தப் பெட்டி இங்கே போ என்னும். தகவல் இரண்டுக்கும் நடுவே பந்து மாதிரி அலையும். ஒவ்வொரு பெட்டியைத் தாண்டும்போதும் அதன் ஆயுள் எண்ணில் ஒன்று குறையும். பூஜ்யம் ஆனதும் தூக்கிப் போட்டு விடுவார்கள். மெயில் போய்ச் சேராது. "நெட் சரியில்லை" என்று நாம் லைன்காரரைத் திட்டிக் கொண்டிருப்போம்.

இது சின்ன விஷயம் அல்ல. 2008 பிப்ரவரி 24-ந்தேதி பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க ஒரு வழியை எழுதியது. அந்த வழி வெளியே கசிந்து உலகத்துக்கே பரவியது. ஏறத்தாழ 2 மணி நேரம் பல நாடுகளில் யூடியூப் கிடைக்கவில்லை.

இரண்டு லைன் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு இன்னொரு தொல்லை. பேங்க் பக்கத்தைத் திறந்து பாதி வேலை நடக்கும்போதே, "மறுபடி லாகின் செய்யுங்கள்" என்று வெளியே தள்ளும். பேங்க் மேல் கோபம் வரும்.

கோளாறு நம்ம பெட்டியிலேயே இருக்கலாம். இரண்டு லைனையும் மாற்றி மாற்றி உபயோகிக்கும்படி வைத்திருந்தால், ஒரு நிமிடம் ஒரு முகவரியில் இருந்தும், அடுத்த நிமிடம் வேறு முகவரியில் இருந்தும் பேங்குக்குத் தகவல் போகும். பேங்க் சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்தும். பேங்க் வேலை ஒரே லைனில்தான் போக வேண்டும் என்று வழி எழுதி வைத்தால் தீர்ந்தது. அல்லது இரண்டாவது லைனை, முதல் லைன் செத்தால் மட்டும் வரும்படி வைக்கலாம்.

பொய்க் கைகாட்டி

திருடன் ரவுட்டருக்குள் புகுந்தால் முதலில் மாற்றும் இடங்களில் ஒன்று "டி.என்.எஸ்." என்ற கட்டம். பேங்க் பேரை அடித்தால் அதன் எண் முகவரியைச் சொல்லும் கைகாட்டி இது. கைகாட்டியைத் திருப்பி வைத்தால் நாம் போய் நிற்பது திருடன் கட்டிய பொய் வாசலில்.

"டி.என்.எஸ். சேஞ்சர்" என்ற புரோகிராமை வைத்து ஒரு கும்பல் இதைத்தான் செய்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் சிக்கின. 2011 நவம்பரில் எஸ்தோனியா நாட்டைச் சேர்ந்த 6 பேர் கைதானார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா மோசடியும் ரவுட்டர் வழியாக வருவதில்லை. "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, பணத்தைப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று பையருக்குப் பொய் மெயில் போகும் மோசடி இருக்கிறதே, அது பெரும்பாலும் மெயில் பாஸ்வேர்டு திருட்டு. ரவுட்டரைப் பூட்டினால் மட்டும் அது நிற்காது. கணக்கு மாற்றம் என்று மெயில் வந்தால் போனில் பேசிக் கேட்டுவிட்டுத்தான் பணம் அனுப்புவது என்று பையருடன் பேசி வைப்பதே அதற்கு மருந்து.

யார் பொறுப்பு?

கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள்.

நெட் கம்பெனி, "லைன் கொடுப்பது எங்கள் வேலை" என்னும். பெட்டி விற்றவர், "புத்தகத்திலேயே எழுதியிருக்கே" என்பார். முதலாளி, "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்பார். ஆக, வாசல் யாருடையதும் இல்லை.

வெளிநாட்டில் சட்டம் போட்டு விட்டார்கள். ஊருக்கே ஒரே பாஸ்வேர்டு போட்ட பெட்டியை விற்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதல் சட்டம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம். பெட்டி செய்தவர் தலையில்தான் பொறுப்பு.

இங்கே கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையை மத்திய அரசு 2025 ஏப்ரலில் கட்டாயம் ஆக்கியது. நல்ல காரியம். ஆனால், ஏற்கனவே சுவரில் தொங்கும் பழைய பெட்டிகளை யார் பார்ப்பது?

இன்னொன்று. கம்ப்யூட்டர் தாக்குதல் நடந்தால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் கம்பெனிகள் தகவல் தர வேண்டும் என்று 28-4-2022 அன்று "செர்ட்-இன்" என்ற மத்திய அரசு அமைப்பு உத்தரவு போட்டது. நெட் வந்தால் போதும் என்று இருக்கும் சின்ன யூனிட்டுக்குத் தாக்குதல் நடந்ததே தெரியாது. பிறகு எங்கே தகவல் தருவது?

உத்தரவு மேலே இருந்து வருகிறது. பெட்டி கீழே சுவரில் இருக்கிறது. நடுவில் ஆள் இல்லை. பொட்டி மாட்டும்போதே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக் கொண்டு போக வேண்டும் என்று நெட் கம்பெனிகள் ஒரு விதி வைத்தால், பாதி வேலை அங்கேயே முடியும். சங்கங்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

அரை மணி நேர வேலை

அதுவரை நாமே செய்ய வேண்டியது இது.

ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றுங்கள். புதுப் பாஸ்வேர்டைப் பீரோவில் வையுங்கள், பெட்டிமேல் ஒட்டாதீர்கள்.

"ரிமோட் மேனேஜ்மென்ட்" என்று இருந்தால் அணையுங்கள். வெளியூரில் இருந்து பெட்டியைத் திறக்கும் வசதி நமக்குத் தேவை இல்லை.

"போர்ட் பார்வர்டிங்" பட்டியலைப் பாருங்கள். யார் போட்டது, எதற்கு என்று தெரியாத ஓட்டைகளை அடையுங்கள். "யு.பி.என்.பி." என்பதையும் அணையுங்கள். அது நம்மைக் கேட்காமலே ஓட்டை போடும்.

தாக்குதல் தடுப்புச் சுவிட்சைப் போடுங்கள்.

வந்து போகிறவர்களுக்குத் தனி "கெஸ்ட்" வைஃபை கொடுங்கள். கேமராவைக் கணக்குக் கம்ப்யூட்டரோடு சேர்க்காதீர்கள். கேமராவின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

டி.என்.எஸ். கட்டத்தில் இருக்கும் எண், நெட் கம்பெனி கொடுத்ததுதானா என்று கேட்டுச் சரி பாருங்கள்.

பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பெட்டி செய்த கம்பெனி புதுப்பிப்பதையே நிறுத்தி விட்டால் பெட்டியை மாற்றுங்கள். ஓட்டை மிஷினில் தைத்தால் பீஸ் ரிஜெக்ட் ஆகும். இதுவும் அப்படித்தான்.

எதையும் மாற்றும் முன்பு இப்போது இருக்கும் அமைப்பைப் போனில் படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். தப்பினால் திரும்பிப் போக வழி வேண்டும். ஷிப்மென்ட் போகும் நாளில் கை வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள்.

பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பேங்குக்கும் சொல்லுங்கள். நேரம் போகப் போகப் பணம் கைமாறிக் கொண்டே இருக்கும்.

கேட்டுப் பாருங்கள்

இன்று சாயங்காலம் ஆபீசை அடைக்கும் முன்பு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"ஏம்மா, நம்ம ரவுட்டருக்கு என்ன பாஸ்வேர்டு?"

"தெரியாதுங்க" என்று பதில் வந்தால் நாளைக்கு நெட்காரத் தம்பியைக் கூப்பிடுங்கள்.

"அட்மின்தானுங்க" என்று பதில் வந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம்.